புதியது வருமட்டும் பொறுக்கலாமா? புரொசெசர் வதந்திகளும் எங்கள் வீட்டுக் கணக்கும்

நோத்ர-டாம்-த-கிரேஸில் வருமான வரிக் காலம் தொடங்கிவிட்டது. ஷேர்புறூக் மேற்கு வீதியின் பனிக் குவியல்களைத் தாண்டி, கடதாசிப் பைகளோடு வருகிற எங்கள் ஆட்கள் இம்முறை ரி4, றெலெவே 1 துண்டுகளோடு இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். "அண்ணை, பெடியனுக்குக் கொம்பியூட்டர் வாங்கவேணும். இப்ப வாங்கட்டோ? வருசக் கடைசியில புதுப் புரொசெசர் வருதாம், அதுமட்டும் பொறுக்கச் சொல்லி நிக்கிறான்."

நாம் பொறியியலாளர் அல்லர். வணிகமாணிப் பட்டம் படித்து, கணக்கு எழுதிச் சீவிப்பவர்கள். ஆனாலும் இந்தக் கேள்வி புரொசெசரின் வேகத்தைப் பற்றியது மட்டும் அல்ல. எப்போது வாங்குவது, பொறுத்தால் எவ்வளவு நட்டம், வருகிறது என்று சொல்லப்படுவதை எவ்வளவுக்கு நம்புவது என்பவை எங்கள் தொழிலுக்குள் வருகிற கேள்விகள். அதனால் இதைக் கணக்காளர் கண்ணால் பார்க்க முயல்கிறோம்.

முதலில், நிறுவனங்கள் தாமே சொன்னவை எவை என்று பிரித்து எழுதுவோம். மேசைக் கணினிகளுக்கான புரொசெசர்களைச் செய்கிற பெரிய நிறுவனங்கள் இரண்டு: இன்டெல், ஏ.எம்.டி. இன்டெலின் அடுத்த தலைமுறைக்கு 'நோவா லேக்' என்று பெயர். அது 2026இன் இறுதியில் வரும் என்று இன்டெல் தன் முதலீட்டாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஏ.எம்.டி.யின் அடுத்த வடிவமைப்புக்கு 'சென் 6' என்று பெயர். அந்த வரிசையில் சேர்வர்களுக்கான 'வெனிஸ்' புரொசெசர் 2026இல் வரும் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். வீட்டு மேசைக் கணினிக்கு வரப்போவது எந்த நாள் என்று இரு நிறுவனங்களும் குறித்துச் சொல்லவில்லை. உறுதியாகக் கையில் இருப்பது இவ்வளவே. மிச்சமெல்லாம் கசிவு, ஊகம், யூரியூப்.

கசிவுகள் எல்லாம் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. கணக்காய்வில் சான்றுகளுக்குத் தரம் உண்டு. வங்கி நேரடியாக அனுப்புகிற உறுதிக் கடிதம் ஒரு தரம். முதலாளி வாயால் சொல்வது இன்னொரு தரம். புரொசெசர் செய்திகளையும் அப்படித் தரம் பிரிக்கலாம். நிறுவனம் நாளும் விலையும் போட்டு விடுகிற அறிக்கை முதலாம் தரம். லினக்ஸ் இயங்குதளத்துக்குள் இன்டெல், ஏ.எம்.டி. பொறியியலாளர்கள் முன்கூட்டியே சேர்க்கிற நிரல்கள் இரண்டாம் தரம். அவை எல்லாரும் பார்க்கக்கூடியவை, வரப்போகும் புரொசெசர்களின் பெயர்கள் அங்கே மாதக்கணக்கில் முன்பே தென்படும். சோதனைக்கு அனுப்பப்படுகிற மாதிரிகள் பற்றிய ஏற்றுமதி இறக்குமதிப் பதிவுகள் மூன்றாம் தரம். இந்தியாவுக்குள் போன பொதிகளின் சுங்கப் பதிவுகளிலிருந்து பல கசிவுகள் வந்திருக்கின்றன. "தாய்வானில் எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்" என்பது கடைசித் தரம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. இரண்டாம், மூன்றாம் தரச் சான்றுகள் நல்லவைதான். ஆனால் அவை காட்டுவது 'பொருள் உண்டு' என்பதை. 'இன்ன நாளில் கடைக்கு வரும்' என்பதை அவை காட்டுவதில்லை. வதந்தியில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பொருள் உண்டு என்பதற்கான நல்ல சான்றை எடுத்து, அதன் தலையில் ஒரு திகதியைக் கட்டிவிடுவது.

இது எங்களுக்குப் புதிதா? 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். "பருத்தித்துறைக்குக் கப்பல் வருகுதாம்" என்ற பேச்சு காலையில் கிளம்பும். கப்பல் என்பது உண்மை, அது வந்தும் இருக்கிறது. என்றைக்கு வரும், அதில் மா எவ்வளவு, எங்கள் சங்கக்கடைக்கு எவ்வளவு என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சை நம்பிக் கையில் இருந்த காசுக்கு அன்றைக்கு அரிசி வாங்காமல் விட்டவர்கள் உண்டு. வதந்தியில் உண்மை இருந்தது; அவர்கள் வீட்டு உலைக்கு அது உதவவில்லை.

நிறுவனமே திகதி சொன்னால் நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம், ஆனால் முழுதாக அல்ல. ஏ.எம்.டி. தனது ரைசன் 9000 புரொசெசர்களை 2024 ஜூலை 31இல் விற்பனைக்கு விடுவதாக அறிவித்தது. அந்த நாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, விற்பனையாளர்களுக்கு முதலில் அனுப்பிய புரொசெசர்கள் தாங்கள் எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று சொல்லித் தள்ளிவைத்தது. சில மாதிரிகள் ஓகஸ்ட் 8இலும், விலை கூடிய மாதிரிகள் ஓகஸ்ட் 15இலும் வந்தன. இது இரண்டு கிழமைச் சங்கதி. இன்டெலின் கதை நீளமானது. 14 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் 2015 ஓகஸ்டில் மேசைக் கணினிக்கு 'ஸ்கைலேக்' வந்தது. அடுத்த படியான 10 நனோமீற்றர் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போய், மேசைக் கணினிக்கு 2021 நவம்பரில் 'அல்டர் லேக்' வடிவத்தில்தான் வந்து சேர்ந்தது. ஆறு வருடம். "அடுத்த வருசம் வந்திடும்" என்று 2016இல் பொறுத்த ஒருவர் பல்கலைக்கழகமே படித்து முடித்திருப்பார்.

இன்னொரு விடயம் வதந்தி சொல்பவர்களின் கண்ணுக்கு அதிகம் படுவதில்லை. முதல் நாளில் வருவது விலை கூடிய புரொசெசர்கள். நடுத்தரக் குடும்பம் வாங்குகிற மலிவு மாதிரிகள் பிறகுதான் வரும். இன்டெலின் கடந்த நான்கு தலைமுறைகளைப் பாருங்கள். 12ஆம் தலைமுறை 2021 நவம்பர் 4இல் வந்தது. மலிவானவை 2022 ஜனவரியில் வந்தன. 13ஆம் தலைமுறை 2022 ஒக்டோபர் 20. மலிவானவை 2023 ஜனவரி. 14ஆம் தலைமுறை 2023 ஒக்டோபர் 17; மலிவானவை 2024 ஜனவரி. கோர் அல்ட்ரா 200 வரிசை 2024 ஒக்டோபர் 24. மலிவானவை 2025 ஜனவரி. நான்கு முறையும் ஒரே ஒழுங்கு. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000உம் 2022 செப்டெம்பரில் வந்து, அதன் மலிவு மாதிரிகள் 2023 ஜனவரியில் வந்தன.

'வருட இறுதி' என்ற சொல்லையும் எடைபோட வேண்டும். மடிக்கணினிகளுக்கான 'பன்தர் லேக்' 2025 முடியுமுன் வெளிக்கிடும் என்று இன்டெல் சொன்னது. சொன்னபடி செய்தது என்றே கணக்கு. ஆனால் பரவலாகக் கடைக்கு வந்தது 2026 ஜனவரியில். கணக்காண்டு முடியுமுன் ஒரு பொதியையாவது அனுப்பிவிட்டால் பங்குதாரருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும். கடைக்குப் போகிறவருக்கு அது ஒன்றும் தராது.

இவற்றைக் கூட்டினால் நாம் வருகிற முடிவு இது: நோவா லேக் சொன்னபடி 2026 இறுதியில் வந்தாலும், அது ஆயிரக்கணக்கான டொலர் செலவழிப்பவருக்கான வருகையாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு வாங்கக்கூடிய விலையில் வருவது 2027இன் முதல் மாதங்களில் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. இது எமது கணிப்பு. பழைய ஒழுங்கு மாறாது என்ற எடுகோளில் நிற்கிறது.

நிறுவனங்கள் ஏன் திகதியை இப்படி மூடி வைக்கின்றன என்று சிலர் எரிச்சல்படுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தின் பெயரிலேயே தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் இருக்கிறார் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

அடம் ஒஸ்போர்ன் 1939இல் பாங்கொக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன் ஆங்கிலேயர், ரமண மகரிஷியின் அடியவர், தாய் போலந்துக்காரி. போர்க் காலத்தில் யப்பானியர் தந்தையைப் பாங்கொக்கில் சிறைவைத்திருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். அங்கே தமிழ் பேசி வளர்ந்த பையன், பிறகு இங்கிலாந்தில் படித்து, அமெரிக்கா போய், 1981இல் 'ஒஸ்போர்ன் 1' என்ற கணினியைச் சந்தைக்கு விட்டார். தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி என்று பெரும் விற்பனை கண்ட முதலாவது அதுதான். ஏறத்தாழ 11 கிலோ எடை, 5 அங்குலத் திரை, விலை 1,795 அமெரிக்க டொலர். உச்சத்தில் மாதம் 10,000 கணினிகள் விற்றன.

1983இல் இதைவிடத் திறமானது வருகிறது என்ற செய்தி முந்திக்கொண்டு பரவியது. கடைக்காரர் பழையதற்குக் கொடுத்த கட்டளைகளை நிறுத்தினார்கள். இருப்பு கிடந்தது, காசு வரவில்லை. 1983 செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. புதிய பொருளை முந்தி அறிவித்துப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை வணிகப் பாடங்களில் இன்றும் 'ஒஸ்போர்ன் விளைவு' என்கிறார்கள். உண்மையில் அந்த நிறுவனம் விழுந்ததற்கு அது மட்டும் காரணம் அல்ல என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். 9 அங்குலத் திரையோடு 1,595 டொலருக்குக் 'கேப்ரோ' வந்தது, மறுபக்கம் ஐ.பி.எம். கணினி வந்துவிட்டது. கணக்காளர் என்ற வகையில் நாமும் அந்த நிறுவனத்தின் காசுப் பாய்ச்சல் முன்பே தளர்ந்திருந்தது என்றுதான் நினைக்கிறோம். ஒஸ்போர்ன் கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுக்கே திரும்பி, 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

அன்றிலிருந்து எந்த நிறுவனமும் மறக்காத பாடம்: 'புதியது வருகிறது' என்ற சொல் பழைய இருப்பைக் கொல்லும். அதே சொல்லைப் பங்குதாரருக்குச் சொல்லாமலும் இருக்க முடியாது. 2024இல் மட்டும் 18.8 பில்லியன் டொலர் நட்டம் காட்டிய இன்டெலுக்கு, அடுத்தது திறமாக வருகிறது என்று சொல்ல வேண்டிய தேவை இன்னும் அதிகம். அதனால்தான் 'வருட இறுதி' போன்ற சொற்கள். பங்குதாரருக்கு நம்பிக்கை கொடுக்கப் போதும். கடைக்காரரின் இருப்பைக் கெடுக்கப் போதாது. ஆக, வெளியீட்டுத் திகதி விற்பவர் தன் ஐந்தொகையைப் பார்த்து எழுதுவது. எங்கள் வீட்டுத் தேவை அதில் ஒரு வரியாகவும் இல்லை.

வழமையான ஆண்டென்றால் இதோடு முடிக்கலாம். பொறுத்தவருக்குப் பெரிய நட்டம் வராது. புதியது வரும்போது பழையது மலியும் என்பது பொது வழக்கு. இந்த ஆண்டு அந்த வழக்குப் பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

ஒன்று, நினைவகம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றைச் செய்கிற பெரிய நிறுவனங்கள் மூன்றே: சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன். கூடிய இலாபம் தருகிற தரவு நிலையப் பக்கம் அவை திரும்ப, வீட்டுக் கணினிக்கான நினைவகத்தின் விலை 2025 இலையுதிர் காலத்திலிருந்து ஏறத் தொடங்கி, சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2025 டிசெம்பர் 3இல் மைக்ரோன், பொதுமக்களுக்கு நினைவகம் விற்ற 'குறூசல்' வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. இந்த நிலையில் புரொசெசர் விலை கொஞ்சம் இறங்கினாலும், கணினியின் மொத்த விலை இறங்கும் என்று யாரும் பொறுப்போடு சொல்ல முடியாது. பொறுத்திருந்து 50 டொலர் மிச்சம் பிடித்து, நினைவகத்துக்கு 150 டொலர் கூடக் கொடுக்க நேரலாம்.

மற்றது, பாதுகாப்பு. வின்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர் பதிந்துகொண்டால் ஒரு வருட நீடிப்பு உண்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உங்கள் கணினி அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 அமெரிக்க டொலர். அந்த நீடிப்பு 2026 ஒக்டோபர் 13இல் முடிகிறது. வின்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை மைக்ரோசொஃப்ட் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதாவது 2017 இறுதிக்கு முந்திய புரொசெசர் உள்ள கணினி அநேகமாகத் தேறாது.

இப்போது இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வையுங்கள். பழைய கணினியின் பாதுகாப்பு முடிவது ஒக்டோபர் 13. புதிய மலிவுப் புரொசெசர் வருவது, எமது கணிப்பில், அடுத்த ஜனவரிக்குப் பிறகு. இடையில் மூன்று மாதமாவது ஓட்டை. அந்த மூன்று மாதம் உங்கள் வங்கிக் கணக்கும், சமூகக் காப்புறுதி இலக்கங்களும், பிள்ளையின் பாடங்களும் கதவு பூட்டாத வீட்டில் கிடக்கும்.

இந்தப் பிழையை நாமே செய்தவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2024 இலையுதிர் காலத்தில் எமது அலுவலகக் கணினிக்கு வயது பதினொன்று. புதிய வரிசைகள் இரண்டு அடுத்தடுத்து வந்திருந்தன. "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விலை விழும்" என்று நாமும் சொல்லிக்கொண்டோம். 2025 ஏப்ரல் கடைசிக் கிழமையில் அது எழும்ப மறுத்தது. பிரதி இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. இரண்டு நாள் போயிற்று. வரி செலுத்தவேண்டியிருந்த ஒரு வயோதிபத் தம்பதியரின் படிவம் ஏப்ரல் 30ஐத் தாண்டிவிட்டது. பிந்தினால் செலுத்தவேண்டிய தொகையில் 5 வீதம் தண்டம், பிறகு ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதம். தண்டத்தை நாம் கட்டினோம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த ஐயா எங்களிடம் ஒன்றும் கேட்காமல், "பரவாயில்லைத் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது. மிச்சம் பிடிக்க நினைத்தது அதிகம் போனால் நூறு டொலர்.

படிக்கும் காலத்தில் இதை 'அமையச் செலவு' என்று கற்றோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிற மற்றதன் பெறுமதி. பொறுப்பதும் ஒரு தெரிவுதான். அதற்குப் பற்றுச்சீட்டு வராததால் செலவு இல்லை என்று நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்கு: 1,500 டொலர்க் கணினியை ஐந்து வருடம் பாவித்தால் மாதம் 25 டொலர். கெபெக்கில் 5 வீதமும் 9.975 வீதமுமாக இரண்டு வரிகளைச் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 29 டொலர். பத்து மாதம் பொறுப்பதால் கிடைப்பது ஓரளவு வேகம் கூடிய ஒரு புரொசெசர். கட்டுரை எழுதி, விரிவுரை பார்த்து, கணக்குப் பதிகிற பிள்ளைக்கு அந்த வேகம் கண்ணுக்குத் தெரியாது. பத்து மாதம் ஒழுங்கான கணினி இல்லாதது தெரியும்.

ஆகவே வருகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

வீட்டில் இருப்பது வின்டோஸ் 11 ஓடுகிற, குறை இல்லாத கணினி என்றால், தாராளமாகப் பொறுங்கள். உங்களுக்குக் காத்திருப்பு இலவசம். விளையாட்டுக்கோ காணொளி வேலைக்கோ உச்ச வேகம் தேடும் இளையோரும் பொறுக்கலாம். புதியதன் பயன் உண்மையாகவே அவர்களுக்குத்தான்.

வின்டோஸ் 10இல் நிற்பவர்கள் ஒக்டோபர் 13ஐ நாட்காட்டியில் குறியுங்கள். நீடிப்புக்கு இன்னும் பதியவில்லை என்றால் இன்றைக்கே பதியுங்கள். அந்த நாளுக்கு முன் கணினியை மாற்றுங்கள். புதியதுதான் வேண்டும் என்றில்லை. நிறுவனங்கள் குத்தகை முடிந்து விடுகிற, 8ஆம் தலைமுறைக்குப் பிந்திய கணினிகள் திருத்திச் சுத்தம் செய்யப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கின்றன. நினைவகம் அதற்குள்ளேயே இருப்பது இந்த ஆண்டு பெரிய இலாபம். கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பழையதில் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

புதிதாகப் பாகங்கள் வாங்கிப் பூட்டுபவர்கள் தாய்ப்பலகையைக் கவனியுங்கள். ஏ.எம்.டி. தனது ஏ.எம். 5 பொருத்தியை 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு அதில் மலிவான புரொசெசர் பூட்டிப் படித்துக்கொண்டு, பிறகு தேவை என்றால் புரொசெசரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. இன்டெலின் நோவா லேக் வேறு பொருத்தியில் வரும் என்பது கசிவுகளின் பொதுக் கருத்து. அது உண்மையானால் இன்றைய இன்டெல் பலகையில் நாளைய புரொசெசர் ஏறாது. சொந்தத் தொழில் செய்பவர்கள் பற்றுச்சீட்டை எறியவேண்டாம். கணினி வகுப்பு 50இல், 55 வீதப் பெறுமானத் தேய்வுக்கு உரியது.

முதலில் சொன்ன தாயிடம் நாம் கேட்டது ஒரே கேள்வி: "பெடியனுக்கு எப்ப தேவை?" செப்டெம்பரில் கொன்கோர்டியா தொடங்குகிறது, பாதி வகுப்புகள் இங்கே லொயோலா வளாகத்தில் என்றார். "அப்ப ஓகஸ்டுக்குள்ள வாங்குங்கோ அக்கா. வதந்தியைத் தம்பி பார்க்கட்டும். பிறகு வந்தால் அவன் உழைச்சு வாங்குவான்" என்றோம். சிரித்துக்கொண்டு ரி4 துண்டை எடுத்து மேசையில் வைத்தார். பெடியன் இன்னும் சம்மதிக்கவில்லை என்று கேள்வி.